ஒலி விட்டுவிட்டு வருவது பிரதியின் கோளாறா?

வணக்கம். கோஷோ ஹெய்னோசுகே 1931இல் இயக்கிய 'மதாமு தோ நியோபோ' என்ற ஜப்பானியப் பேசும் படத்தில் நெடுநேரம் அமைதியும் பிறகு திடீர்ச் சத்தமும் வருவதால், உங்களுக்குக் கிடைத்த பிரதி பழுதானதோ என்று கேட்டிருந்தீர்கள். பழைய படம் என்பதால் இரைச்சல் இருக்கத்தான் செய்யும். ஆனால் நீங்கள் குறிப்பிடும் ஏற்ற இறக்கம் பெரும்பாலும் கதையோடு சேர்ந்தது.

நாடகம் எழுத அமைதி தேடிப் புறநகர் வீட்டுக்குக் குடிவரும் எழுத்தாளரை எலி, பூனை, அழும் குழந்தை, கடைசியாகப் பக்கத்து வீட்டு ஜாஸ் இசை என ஒவ்வொன்றாக வந்து கெடுப்பதே படத்தின் நகைச்சுவை என்பதால், சத்தத்துக்கு முன் அமைதி தேவைப்படுகிறது. சண்டை போடப் போனவர் அங்கேயே குடித்துவிட்டு உற்சாகமாகத் திரும்புவதும், தனாகா கினுயோ நடித்த மனைவி பொறாமையில் பொருமுவதும் எனக்கு இன்றும் அலுக்காத காட்சிகள்.

ஒலிகளைப் பின்னர் கலப்பது அன்று எளிதல்லாததால், வசனத்தோடு இசையையும் படப்பிடிப்பிலேயே பதிவுசெய்தார்கள். ஆகவே காட்சி மாறும்போது ஒலியின் தன்மையும் சற்று மாறும். வசனத்தின் நடுவே சொல் அறுந்தால் மட்டும் வேறு பிரதி தேடுங்கள்.