எங்கள் வீட்டு நிலவறையில் தப்பி வந்தவர்கள் ஒளிந்திருந்தார்களா? எப்படிக் கண்டுபிடிப்பது?

கேள்வி: அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், சின்சினாட்டிக்குக் கிழக்கே ஒஹாயோ ஆற்றோரமாக இருக்கும் பிரவுன் கவுண்டியில் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) ஒரு பழைய செங்கல் வீடு வாங்கியிருக்கிறோம். 1840களில் கட்டியது என்றார் விற்றவர். நிலவறை மூலையில் குனிந்து நுழைகிற அளவுக்கு ஒரு சின்னக் கல் அறை இருக்கிறது. அடிமைமுறை இருந்த கென்டக்கி மாநிலத்திலிருந்து, அது இல்லாத இந்தக் கரைக்கு ஆற்றைக் கடந்து ஓடிவந்த அடிமைகளை அங்கேதான் ஒளித்து வைத்தார்கள் என்கிறார் பக்கத்து வீட்டுப் பெரியவர். இது உண்மையா என்று எப்படித் தெரிந்துகொள்வது? உண்மையென்றால் பதிவு செய்ய வேண்டுமா? செய்தால் வீட்டில் ஓர் ஆணிகூட அடிக்க விடமாட்டார்களா?

பதில்: அந்த அறையில் இப்போதைக்குக் கை வைக்காதீர்கள். சுத்தம் செய்வது, வெள்ளையடிப்பது, தரையைக் கிளறுவது எதுவும் வேண்டாம். நாலு சுவரையும் தரையையும் கூரையையும் நல்ல வெளிச்சத்தில், பக்கத்தில் ஓர் அளவுகோல் வைத்துப் படம் எடுத்துவிடுங்கள். அது போதும். கதவைச் சாத்திவிட்டு மேலே வாருங்கள், ஏனென்றால் உங்கள் கேள்விக்கு விடை அந்த அறையில் இருக்க வாய்ப்பு குறைவு.

அந்தக் காலத்து வீடுகளில் இப்படிப்பட்ட அறைகள் சகஜம். உள்சுவர் முழுக்க வழவழப்பாகப் பூசியிருந்து, மேல்விளிம்புக்குப் பக்கத்தில் குழாய் நுழைகிற மாதிரி ஓர் ஓட்டை இருந்தால் அது மழைநீர்த் தொட்டி. மரத்தட்டுகள் செருகிய பள்ளங்கள் வரிசையாகத் தெரிந்தால் உருளைக்கிழங்கும் ஆப்பிளும் குளிர்காலத்துக்குச் சேமித்த இடம். தெருப்பக்கம் சாய்வான திறப்பும் கறுப்புத் தூசியும் இருந்தால் கரி கொட்டிய அறை. சுரங்கம் என்று காட்டப்படுபவை பெரும்பாலும் வடிகால்கள்தான். தப்பி வந்தவர்களை உண்மையிலேயே காப்பாற்றிய பல வீடுகளில் ரகசிய அறையே இருந்ததில்லை. அடுப்படி, வைக்கோல் பரண், சோளக்காடு, இவைதான் அவர்கள் தங்கிய இடங்கள்.

இப்படித் தப்பிய வழிக்கு வைத்த ‘அண்டர்கிரவுண்ட் ரெயில்ரோடு’ (நிலத்தடி ரயில்பாதை) என்ற பெயரைக் கேட்டு நிறைய பேர் தடம் போட்ட ஒரு பாதையைத் தேடுகிறார்கள். தண்டவாளமும் இல்லை, நிலத்தடியும் இல்லை. அடிமைத்தனத்திலிருந்து ஓடியவர்களும், அவர்களுக்கு ஓர் இரவு சோறும் இடமும் கொடுத்து அடுத்த ஊர்வரை வழிகாட்டியவர்களும் சேர்ந்த ஒரு வலைப்பின்னல் அது. பலர் யாருடைய உதவியும் இல்லாமல் தாங்களாகவே ஆற்றைக் கடந்தார்கள். தைத்த மெத்தைவிரிப்புகளில் ரகசியக் குறியீடு இருந்தது என்ற கதையும் உங்கள் காதில் விழும். 1999இல் வந்த ஒரு நூலால் பரவிய கதை அது, வரலாற்றாளர்கள் ஏற்பதில்லை. விட்டுவிடுங்கள்.

சரி, எங்கே தேடுவது? நம் ஊரில் நிலம் வாங்கும்போது தாய்ப்பத்திரத்திலிருந்து வில்லங்கம் பார்ப்போம் இல்லையா, அதையே செய்யுங்கள். கவுண்டி பதிவாளர் அலுவலகத்தில் இன்றைய பத்திரத்திலிருந்து பின்னோக்கிப் போய் 1830கள்வரை ஒவ்வோர் உரிமையாளர் பெயரையும் எழுதி எடுங்கள். கூடவே பழைய வரிப் பதிவேடுகளைப் பாருங்கள். வெறும் நிலத்துக்கான வரி எந்த வருடம் திடீரென்று ஏறுகிறதோ அந்த வருடத்தையொட்டி வீடு கட்டப்பட்டிருக்கலாம். சந்தேகம் இருந்தால் நிலவறை உத்தரத்திலிருந்து பென்சில் பருமனுக்கு ஒரு துண்டு எடுத்து மர வளையங்களை எண்ணி, மரம் வெட்டப்பட்ட ஆண்டைச் சொல்வார்கள். ஒஹாயோவிலேயே வூஸ்டர் கல்லூரியின் ஆய்வகம் இதைச் செய்கிறது. வீடு 1865க்குப் பிறகு கட்டியது என்று தெரிந்தால் கதை அங்கேயே முடிந்துவிடும்; அடிமைமுறை ஒழிந்த ஆண்டு அது.

பெயர் கிடைத்ததும் அந்த மனிதரைத் தேடுங்கள். வில்பர் சீபர்ட் என்ற ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகப் பேராசிரியர் 1890களில், அப்போது உயிரோடிருந்த முதியவர்களிடமும் அவர்கள் பிள்ளைகளிடமும் கடிதம் எழுதிக் கேட்டு, 1898இல் நூலாக்கினார். அதில் உதவி செய்த 3,200க்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள் கவுண்டி வாரியாக உள்ளன. அந்தக் கடிதங்கள் கொலம்பஸில், மாநில வரலாற்று அமைப்பான ஒஹாயோ ஹிஸ்டரி கனெக்‌ஷனில் இருக்கின்றன. ஆனால் முப்பது நாற்பது வருடம் கழித்துச் சொன்ன நினைவுகள் அவை, பெரும்பாலும் வெள்ளைக் குடும்பங்கள் சொன்னவை. அதனால் அதை மட்டும் நம்பாமல் நீதிமன்றப் பதிவுகளையும் பாருங்கள். உங்கள் கவுண்டியைச் சேர்ந்த பாதிரியார் ஜான் மஹான், தப்பியவர்களுக்கு உதவினார் என்று 1838இல் கைதாகிக் கென்டக்கி சிறையில் கிடந்து விசாரணைக்குப் பின் விடுதலையானார். அந்த மாதிரி வழக்கில் உங்கள் வீட்டுக்காரர் பெயர் ஒரு சாட்சியாக வந்திருந்தாலே அது தங்கம்.

நேரடி எழுத்துச் சான்று கிடைக்காமல் போகலாம், மனம் தளராதீர்கள். ஏன் கிடைப்பதில்லை என்பதற்கு உங்கள் பக்கத்து ஊரிலேயே பதில் இருக்கிறது. ரிப்ளியில் ஜான் பார்க்கர் என்று ஒருவர் இருந்தார். அடிமையாகப் பிறந்து, 1845இல் 1,800 டாலர் கொடுத்துத் தன்னைத் தானே விலைக்கு வாங்கி விடுதலையானவர். பகலில் இரும்பு வார்ப்பு வேலை, இரவில் படகு எடுத்துக்கொண்டு கென்டக்கிக் கரைக்குப் போய் ஆட்களை அழைத்து வருவது. அவர்கள் பெயரையெல்லாம் ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்தார். 1850இல் தப்பியோடிய அடிமைகள் சட்டம் வந்தது. உதவுகிறவருக்கு 1,000 டாலர் அபராதம், ஆறு மாதம் சிறை. கையில் வீடு, தொழில், குடும்பம் எல்லாம் இருந்த அந்த மனிதர் குறிப்பேட்டைத் தன் வார்ப்பு உலையிலேயே போட்டு எரித்துவிட்டதாகப் பிற்பாடு சொன்னார். இதை நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு அடைக்கும், அத்தனை பெயர்கள். பிலடெல்பியாவில் தப்பி வந்தவர்களுக்கு உதவிய வில்லியம் ஸ்டில் தன் ஏடுகளை ஒளித்து வைத்துக் காப்பாற்றி 1872இல் நூலாக்கியதால்தான் அந்தப் பக்கம் போனவர்களின் பெயரும் வயதும் சொந்தக் கதையும் நமக்குத் தெரிகின்றன.

இங்கேதான் நான் உங்களிடம் அழுத்திச் சொல்ல வேண்டியது இருக்கிறது. வீட்டுக்காரர் நல்லவரா என்று மட்டும் தேடாதீர்கள், அவருடைய கறுப்பின அண்டைவீட்டார் யார் என்று தேடுங்கள். வழி தெரியாமல் கரையேறுகிறவர் முதலில் நம்புவது தன் சொந்த மக்களைத்தான். சாமுவேல் கிஸ்ட் என்ற ஆங்கிலேயச் செல்வரின் உயிலால் விடுதலையான வர்ஜீனியா மக்கள் 1819 வாக்கில் உங்கள் பிரவுன் கவுண்டியில்தான் குடியேற்றப்பட்டார்கள், அவர்கள் வீடுகளுக்கு யாரும் நினைவுப் பலகை வைத்ததில்லை, பல வீடுகள் இன்று இல்லவும் இல்லை. 1850 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில்தான் முதன்முதலாகச் சுதந்திர மனிதர் ஒவ்வொருவரின் பெயரும் பிறந்த மாநிலமும் எழுதப்பட்டன. உங்கள் வீட்டுக்காரரின் பெயருக்கு முன்னும் பின்னும் நாலு பக்கம் புரட்டுங்கள். கென்டக்கி, வர்ஜீனியாவில் பிறந்த கறுப்பினக் குடும்பங்கள் வரிசையாக வந்தால் பக்கத்து வீட்டுப் பெரியவரின் கதைக்கு வலு கூடுகிறது.

வீடே இல்லாத இடத்தையும் மீட்க முடியும் என்பதற்கு மேரிலாந்து உதாரணம். அடிமைத்தனத்திலிருந்து தப்பி, பிறகு திரும்பிப் போய்ப் பலரை மீட்டு வந்த ஹாரியட் டப்மனின் தந்தை பென் ராஸுக்கு விடுதலையும் வாழ்நாள்வரை 10 ஏக்கரும் தரவேண்டும் என்று அவரை அடிமையாக வைத்திருந்தவரின் உயிலில் இருந்தது. அந்தத் தாளைப் பிடித்துக்கொண்டு பிளாக்வாட்டர் சதுப்பு நிலத்தில் தேடியவர்களுக்கு முதலில் கிடைத்தது 1808ஆம் ஆண்டு நாணயம் ஒன்று. அப்புறம் உடைந்த பீங்கான், ஆணி, செங்கல். 2021இல் அவருடைய குடிசை இருந்த இடம் அதுதான் என்று அறிவித்தார்கள். அந்தச் சதுப்பு நிலத்தையே கடல்நீர் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டிருக்கிறது, இன்னும் சில வருடம் தாமதித்திருந்தால் என்னவாகியிருக்குமோ. அதனால்தான் தரையைத் தோண்டாதீர்கள் என்றேன். எந்த மண்ணடுக்கில் எது கிடந்தது என்பதுதான் சான்று. கையில் எடுத்துவிட்டால் அது வெறும் பழைய பொருள்.

பதிவு பற்றிக் கேட்டீர்கள். 1998இல் வந்த சட்டத்தின்படி அமெரிக்க தேசியப் பூங்காத் துறை ‘நெட்வொர்க் டு ஃப்ரீடம்’ என்ற பட்டியலை நடத்துகிறது. இப்போது 800க்கும் மேற்பட்ட பதிவுகள் உள்ளன. உரிமையாளரின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் சேர்க்கமாட்டார்கள், சரிபார்க்கக்கூடிய சான்று கேட்பார்கள், வாய்மொழிக் கதை மட்டும் போதாது. வெளியார் நுழைய முடியாத தனியார் வீடுகளும் அதில் உண்டு. தேசிய வரலாற்று இடங்கள் பதிவேடு வேறு. அதில் சேர்ந்தாலும் உங்கள் சொந்தப் பணத்தில் உங்கள் வீட்டில் செய்யும் வேலையை மத்திய அரசு தடுக்காது. ஆணி தாராளமாக அடிக்கலாம். கட்டுப்பாடு வருவதென்றால் ஊராட்சியின் பாதுகாப்பு விதியால்தான் வரும், அதைத் தனியாக விசாரியுங்கள். 20 சதவீத மத்திய வரிச்சலுகை என்று யாராவது ஆசை காட்டினால், அது வருமானம் தரும் கட்டடங்களுக்குத்தான், குடியிருக்கும் வீட்டுக்கு இல்லை.

சான்று பாதி வழியில் நின்றுவிட்டால் பலகை வைக்காதீர்கள். ஒரு கோப்பில் எல்லாவற்றையும் சேர்த்து, இது ஆவணம், இது கேள்விப்பட்டது என்று பிரித்து எழுதி, கவுண்டி வரலாற்றுச் சங்கத்தில் ஒரு பிரதி கொடுங்கள். பிள்ளைகளை ரிப்ளிக்கு அழைத்துப் போங்கள். குன்றின் மேல், தப்பி வந்தவர்களுக்கு உதவிய பாதிரியார் ஜான் ராங்கினின் வீடு, அதற்கு ஏறும் படிக்கட்டு, கீழே பார்க்கரின் வீடு, இரண்டும் இன்று அருங்காட்சியகங்கள். படி ஏறி நின்று திரும்பிப் பார்த்தால் ஆறு, எதிரே கென்டக்கி. அவ்வளவு பக்கம்.

எல்லாவற்றுக்கும் முன்னால், இந்த வாரமே, ஒரு காப்பி கொடுத்து அந்தப் பெரியவரை உட்கார வையுங்கள். அனுமதி கேட்டுவிட்டு போனில் பதிவு செய்யுங்கள். இந்தக் கதையை உங்களுக்கு யார் சொன்னார்கள், அப்போது உங்களுக்கு என்ன வயது, அவருக்கு யார் சொன்னது, எந்தக் கதவு வழியாக வந்தார்கள் என்று சொன்னார்கள், யார் பெயராவது வந்ததா என்று கேளுங்கள். நீங்களாக எந்தப் பெயரையும் எடுத்துக்கொடுக்காதீர்கள். பத்திரங்கள் அலுவலகத்தில் அடுத்த வருடமும் இருக்கும்.