மோசெல் பள்ளத்தாக்கின் சிறிய ஒயின் தோட்டங்களுக்கு எப்படிச் செல்வது?

கேள்வி: ஃபிராங்க்ஃபர்ட்டில் வேலை பார்க்கிறேன். ஒயினைப் பற்றி எனக்கு அதிகம் தெரியாது. பேருந்தில் கூட்டமாக ஏற்றிச் செல்லும் சுற்றுலாவாக இல்லாமல், சிறிய தயாரிப்பாளர்களை நேரில் பார்த்துச் சுவைக்க வேண்டுமானால் எங்கே, எப்படிப் போகலாம்?

பதில்: உங்களுக்கு அருகில் இருக்கும் ஒயின் வட்டாரங்கள் ரைன்காவும் ரைன்ஹெஸ்ஸனும்தான். இரண்டிலும் நல்ல ஒயின் உண்டு. ஆனாலும் இன்னும் சற்றுத் தொலைவு பயணம் செய்து மோசெல் ஆற்றங்கரைக்குப் போங்கள் என்றே சொல்வேன். ரைன்ஹெஸ்ஸனில் ஒரே வீட்டில் ஏழெட்டு வகைத் திராட்சைகளின் ஒயினை வரிசையாக வைப்பார்கள்; புதிதாக வருபவருக்கு எது எதனால் வேறுபடுகிறது என்று பிடிபடாது. மோசெலிலோ நிலத்தின் பெரும்பகுதியை ரீஸ்லிங் என்ற ஒரே வெள்ளைத் திராட்சை பிடித்துக்கொண்டிருக்கிறது. மண்ணும் பெரும்பாலும் சிலேட்டுக் கல்தான். திராட்சையும் கல்லும் மாறாமல் இருக்கையில், சரிவின் திசையும் தயாரிப்பவரின் கைப்பக்குவமும் சுவையை எவ்வளவு மாற்றுகின்றன என்பது ஒரே மேசையில் தெரிந்துவிடும். சிறிய தயாரிப்பாளரைத் தேடிப் போவதற்கு விலை குறைவு என்பதைக் காட்டிலும் இதுவே நல்ல காரணம் என்பது என் கருத்து.

மோசெல் பிரான்சின் வோஜ் மலைகளில் பிறந்து, லக்சம்பர்க் எல்லையைத் தொட்டு, ட்ரியர் நகரைத் தாண்டியதும் வளைந்து வளைந்து சென்று கோப்லென்ஸில் ரைனோடு கலக்கிறது. இந்த வளைவுகளால்தான் அங்கே ஒயினே சாத்தியமாகிறது. ஏறத்தாழ 50 பாகை வட அட்சரேகையில் இருக்கும் இந்தக் குளிர்ப் பகுதியில், தெற்கு நோக்கிய செங்குத்துச் சரிவுகளில் விழும் வெயிலைக் கருமையான சிலேட்டுச் சில்லுகள் பகலெல்லாம் உறிஞ்சி வைத்துக்கொண்டு இரவில் மெல்லத் திருப்பித் தருகின்றன. அதே வளைவின் மறு கரையில் வடக்கு நோக்கிய சரிவுகள் பெரும்பாலும் காடாகவே கிடக்கும். ஆற்றங்கரையில் நின்று பார்த்தாலே எந்தப் பக்கத்துக்கு மதிப்பு அதிகம் என்று புரியும்.

வரலாற்றைச் சுருக்கமாகவே சொல்கிறேன். ரோமானியர் காலத்திலேயே இங்கே திராட்சை பிழிந்திருக்கிறார்கள். பீஸ்போர்ட்டில் 1985-இல் கண்டெடுக்கப்பட்ட பிழிகளத்தை இன்றும் சரிவின் அடியில் பார்க்கலாம். நொய்மாகனில் கிடைத்த, ஒயின் பீப்பாய்களைச் சுமந்து செல்லும் கல் படகின் மூலச் சிற்பம் ட்ரியர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1787-இல் ட்ரியரின் ஆட்சியாளராக இருந்த பேராயர் கிளெமென்ஸ் வென்ட்ஸெஸ்லாவுஸ், மட்டமான கொடிகளை ஏழாண்டுகளுக்குள் பிடுங்கிவிட்டு நல்ல வகைகளை நட வேண்டும் என்று ஆணையிட்டார். ரீஸ்லிங் இங்கே வேரூன்றியதில் அந்த ஆணைக்குப் பெரும் பங்கு உண்டு.

போவதற்கு முன்பு தெரிந்துகொள்ள வேண்டியது உழைப்பைப் பற்றி. பிரெம் என்ற ஊருக்கு மேலே இருக்கும் கால்மோன்ட் சரிவு சில இடங்களில் 65 பாகை அளவுக்குச் செங்குத்தானது. ஐரோப்பாவிலேயே மிகச் செங்குத்தான திராட்சைத் தோட்டம் என்று அதைச் சொல்கிறார்கள். அங்கே டிராக்டர் ஏறாது. ஒற்றைத் தண்டவாளத்தில் ஊர்ந்து ஏறும் சிறு பல்சக்கர வண்டியில் ஆளும் கூடையும் மேலே போக வேண்டும். மரபான தோட்டங்களில் ஒவ்வொரு கொடிக்கும் தனித்தனியே ஒரு கம்பு நட்டு, இரண்டு கிளைகளை இதய வடிவில் வளைத்துக் கட்டியிருப்பார்கள். வரிசைக் கம்பி இல்லாததால் சரிவில் குறுக்கே நடக்க முடியும். சமநிலத் தோட்டத்தைவிடப் பல மடங்கு நேரம் பிடிக்கும் இந்த வேலையைத் தொடரப் பிள்ளைகள் விரும்பாததால் பல சரிவுகள் புதர் மண்டிப் போய்விட்டன. எஞ்சியிருக்கும் குடும்பங்களுக்கு வாசலில் நேரடியாக விற்கும் புட்டிதான் லாபம் தருவது. ஆகவே நீங்கள் கதவைத் தட்டுவதைத் தொந்தரவாக நினைக்க மாட்டார்கள். தொலைபேசியிலோ மின்னஞ்சலிலோ முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போனால் போதும்.

முன்னறிவிப்பே இல்லாமல் போக வேண்டுமானால் ஷ்ட்ராவுஸ்விர்ட்ஷாஃப்ட் என்ற ஏற்பாடு இருக்கிறது. ஒயின் தயாரிப்பவர் தன் வீட்டிலோ களஞ்சியத்திலோ முற்றத்திலோ, உணவக உரிமம் இல்லாமலேயே, தான் தயாரித்த ஒயினையும் எளிய உணவையும் பரிமாறலாம். ஆண்டில் மொத்தம் நான்கு மாதங்களுக்கு மேல் திறந்திருக்கக் கூடாது, 40 இருக்கைகளுக்கு மேல் போடக் கூடாது என்பவை விதிகள். திறந்திருப்பதன் அடையாளமாக வாசலில் ஒரு தழைக்கொத்தோ துடைப்பமோ தொங்கும். அறிமுகமில்லாதவர்களோடு ஒரே நீள மேசையில் உட்கார வேண்டியிருக்கும். ஜெர்மானியர்கள் எளிதில் பேச மாட்டார்கள் என்று நம்மவர்கள் சொல்வதுண்டு. இரண்டாவது கோப்பைக்குப் பிறகு இந்த மேசைகளில் அது பொருந்துவதில்லை.

எந்த ஊர் என்று கேட்டால், முதல் முறைக்கு நடு மோசெலில் பெர்ன்காஸ்டெல்-குவெஸ் நகரைத் தங்குமிடமாக வைத்துக்கொண்டு, வேலன், ட்ஸெல்டிங்கன், ஊர்ட்ஸிக் ஆகிய ஊர்களுக்குச் சைக்கிளில் போங்கள். ஆற்றை ஒட்டியே சமமான சைக்கிள் பாதை இருக்கிறது. கோப்லென்ஸ்–ட்ரியர் ரயில் நடு மோசெலைத் தொடாமல் குறுக்கே வெட்டிப் போய்விடும் என்பதால், விட்லிஷ் நிலையத்தில் இறங்கிப் பேருந்து பிடிக்க வேண்டும். கார் எடுக்காதீர்கள் என்பது என் வலுவான ஆலோசனை. ஜெர்மனியில் இரத்த ஆல்கஹால் வரம்பு 0.5 புரோமில் (ஆயிரத்தில் அரைப் பங்கு), விபத்து நேர்ந்தாலோ ஓட்டம் தடுமாறினாலோ 0.3-லேயே வழக்கு வரும். உரிமம் வாங்கி இரண்டாண்டு ஆகாதவர்களுக்கும் 21 வயது நிறையாதவர்களுக்கும் ஒரு சொட்டுக்கும் அனுமதி இல்லை.

இனி, சுவைக்கும் மேசைக்கு வருகிறேன். ஊர்ட்ஸிக் பக்கத்தில் ஒரு வீட்டில், அடுக்களையை ஒட்டிய சிறிய அறையில், அந்த வீட்டு அம்மையார் என் முன்னால் இரண்டு கோப்பைகளையும் இரண்டு கற்களையும் வைத்தார். ஒரு கல் நீலம் கலந்த சாம்பல் நிறம். வேலன் ஊரின் சோனன்ஊர் சரிவிலிருந்து எடுத்தது. 1842-இல் அந்தப் பாறையில் நிறுவிய சூரியக் கடிகாரத்தால் அந்தச் சரிவுக்கு அப்பெயர். இன்னொரு கல் செங்கல் பொடி ஒட்டியது போன்ற சிவப்பு. ஊர்ட்ஸிக்கின் வூர்ட்ஸ்கார்ட்டன் சரிவினுடையது. இரண்டு கோப்பைகளிலும் ஒரே ஆண்டின் ரீஸ்லிங், ஒரே நிலவறையில் ஒரே முறையில் நொதித்தது. நீலக் கல்லின் ஒயின் மெலிந்து, நேர்கோடாக, எலுமிச்சையும் பச்சை ஆப்பிளுமாக நாக்கில் இறங்கியது. சிவப்புக் கல்லின் ஒயினில் பீச் பழத்தின் சதைப்பற்றும், அதற்குப் பின்னால் இஞ்சியை நினைவூட்டும் ஓர் உறைப்பும் இருந்தன. கல்லின் சுவையே கோப்பைக்குள் வருகிறது என்று தோட்டக்காரர்கள் சொல்வார்கள். கனிமங்கள் அப்படி நேராகச் சுவையாக மாறுவதில்லை, வடிகாலும் வெப்பமும் நீர் கிடைக்கும் அளவுமே பழத்தை மாற்றுகின்றன என்பது அறிவியலாளர்களின் பக்கம். நான் அறிவியலாளர்கள் பக்கம்தான். ஆனாலும் அந்த வேறுபாடு கற்பனை அல்ல என்பதற்கு அந்த இரண்டு கோப்பைகளே எனக்குச் சான்று.

வரிசை எப்போதும் இனிப்பற்றதிலிருந்து இனிப்புக்குப் போகும். இங்கே புட்டியின் மேல் ஒட்டிய தாளைப் படிக்கத் தெரிந்திருந்தால் பாதி வேலை முடிந்தது. ட்ரோக்கன் என்று போட்டிருந்தால் இனிப்பில்லாதது. லிட்டருக்கு 9 கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்காது. ஃபைன்ஹெர்ப் என்பது சற்று இனிப்பானது. அதற்குச் சட்ட வரையறை இல்லை, ஆகவே வீட்டுக்கு வீடு வேறுபடும், கேட்டுத்தான் ஆக வேண்டும். கபினெட், ஷ்பேட்லேஸ, அவுஸ்லேஸ ஆகியவை பறிக்கும்போது பழச்சாற்றில் இருந்த சர்க்கரையின் அளவைக் குறிக்கும் படிநிலைகள். அந்தச் சர்க்கரையை அளக்கும் ஜெர்மானிய அலகான எக்ஸ்லேயில், மோசெல் ரீஸ்லிங்குக்கு முறையே குறைந்தது 70, 76, 83 வேண்டும். இந்தப் படிநிலை பழம் எவ்வளவு பழுத்தது என்பதைப் பற்றியதே தவிரக் கோப்பையின் இனிப்பைப் பற்றியது அல்ல என்பதால், ஷ்பேட்லேஸ ட்ரோக்கன் என்று இரண்டும் சேர்ந்தே வரலாம். ட்ரோக்கன் என்று எழுதாத கபினெட்டில் நொதித்தலைப் பாதியில் நிறுத்திவிடுவதால் மிச்சச் சர்க்கரை இருக்கும், ஆல்கஹாலும் 8 சதவீதத்தை ஒட்டியே நிற்கும். ஒயினே பிடிக்காது என்று சொல்லும் நண்பர்களுக்கு நான் முதலில் ஊற்றுவது இதைத்தான். இனிப்பைப் புளிப்பு தாங்கிப் பிடிப்பதால் திகட்டாது. மிளகு தூக்கலாகப் போட்ட கோழி வறுவலோடு இதைவிடப் பொருத்தமான ஒயினை நான் இன்னும் குடித்ததில்லை.

ஊரின் பெயரை நம்பி மட்டும் வாங்க வேண்டாம். பீஸ்போர்ட்டர் கோல்ட்ட்ரோப்ஃஷன் என்பது ஒரு குறிப்பிட்ட சிறந்த சரிவு. பீஸ்போர்ட்டர் மிஷல்ஸ்பெர்க் என்பதோ 1971 ஒயின் சட்டத்தின் கீழ் சுற்றுவட்டார ஊர்களின் தோட்டங்களையெல்லாம் ஒன்றாகக் கட்டிய பெரும் தொகுப்பு. தாளில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். அங்காடிகளில் மலிவாகக் கிடைக்கும் இரண்டாவதைக் குடித்துவிட்டு மோசெல் இவ்வளவுதானா என்று முடிவுகட்டியவர்கள் ஏராளம்.

இன்னும் சில நடைமுறைகள். துப்புவதற்கு மேசையில் ஒரு கலம் இருக்கும். அதில் துப்புவது அவமரியாதை ஆகாது, பத்துக்கு மேற்பட்ட ஒயின்களைச் சுவைக்க வேறு வழியும் இல்லை. புட்டியின் அடியிலோ தக்கையிலோ கண்ணாடித் துகள் போல மின்னுவது டார்டாரிக் உப்புப் படிகம்; தீங்கில்லாதது. பழைய ரீஸ்லிங்கை முகர்ந்தால் மண்ணெண்ணெய் வாடை அடிக்கும். கெட்டுவிட்டது என்று முகம் சுளிக்க வேண்டாம். முதிர்ச்சியில் உருவாகும் ஒரு சேர்மத்தின் மணம் அது, பலர் அதற்காகவே காத்திருந்து குடிக்கிறார்கள். ரேஷன் கடை வரிசையில் நின்ற தலைமுறைக்கு அதை ரசிக்கச் சற்றுக் காலம் பிடிக்கும் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

சுவைத்தலுக்குச் சில வீடுகள் கட்டணம் வாங்கிப் பிறகு வாங்கும் புட்டிகளில் கழித்துக்கொள்ளும், சில வீடுகள் வாங்காது. கட்டணம் இல்லாத இடத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வெறுங்கையோடு எழுவது அழகல்ல. இரண்டு மூன்று புட்டிகளாவது வாங்குங்கள். பேரம் பேசவே வேண்டாம். செப்டம்பர் பிற்பகுதி முதல் அக்டோபர் வரை அறுவடைக் காலம். அப்போது யாருக்கும் உட்கார்ந்து பேச நேரம் இருக்காது. ஆனால் பாதி நொதித்த, கலங்கலான ஃபெடர்வைஸ்ஸர் அந்தச் சில வாரங்களில் மட்டும்தான் கிடைக்கும். அதோடு தரும் வெங்காயப் பணியாரத்தில் பன்றி இறைச்சித் துண்டுகள் இருக்கும். சைவம் என்றால் “ஓனே ஷ்பெக்” என்று முன்னதாகவே சொல்லிவிடுங்கள். கண்டிப்பான சைவர்கள் இன்னொன்றையும் கேட்க வேண்டும்: ஒயினைத் தெளிய வைக்கச் சிலர் ஜெலட்டினோ மீன் பசையோ சேர்ப்பதுண்டு. சிறிய வீடுகளில் தயாரித்தவரே எதிரில் இருப்பதால் நேரான பதில் கிடைக்கும்.

இரண்டாம் முறை போகும்போது ட்ரியருக்குத் தெற்கே சார் கிளையாற்றுப் பக்கம் போங்கள். இன்னும் குளிர்ந்த இடம், புளிப்பு இன்னும் கூர்மை. அதற்கும் மேற்கே லக்சம்பர்க் எல்லையில், சிலேட்டு முடிந்து சுண்ணாம்புக் கல் தொடங்கும் நிட்டல் போன்ற ஊர்களில் எல்ப்லிங் என்ற பழைய திராட்சையின் மெல்லிய, புளித்த, விலை மிகக் குறைந்த ஒயின் கிடைக்கும். பெரிய மேசைகளுக்கு அது ஏறுவதில்லை என்றாலும் வெயில் நாளுக்கு அதுவே போதும்.

ஊருக்குக் கொண்டுபோக நினைத்தால், இந்தியாவுக்குள் ஒருவர் தீர்வையின்றி எடுத்துச் செல்லக்கூடிய மது 2 லிட்டர். 750 மில்லி புட்டி இரண்டு போக, அவுஸ்லேஸ போன்ற இனிப்பு ஒயின்கள் வரும் 375 மில்லி அரைப் புட்டி ஒன்றுக்கு இடம் இருக்கும். அவற்றைக் கைப்பையில் வைக்க விடமாட்டார்கள். துணிகளுக்கு நடுவே சுற்றிச் சரக்குப் பெட்டியில் வையுங்கள்.