விளையாட்டு முடிந்த பிறகு

அன்புள்ள டீச்சர்,

நான் மூதூர்ப் பக்கம் இளைஞர் கழகங்களோடு வேலை செய்கிறேன். வருகிற மாதம் இருபது தொண்டர்களுக்கு மூன்று நாள் பயிற்சி நடத்தும் பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது. பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைகளோடு எப்படி வேலை செய்வது என்பதுதான் தலைப்பு. எங்களுக்குத் தெரிந்த விளையாட்டெல்லாம் பத்து நிமிடத்தில் அவர்களுக்கு அலுத்துவிடுகிறது, கை போனைத் தேடுகிறது. போன்களை வாங்கிக் கூடைக்குள் போட்டுவிட்டுத் தொடங்கலாமா? நல்ல விளையாட்டுகளின் பட்டியல் இருந்தால் அனுப்புவீர்களா? இன்னொன்று. முறைசாராக் கல்வி என்கிறீர்களே, அது வகுப்பிலிருந்து எங்கே வேறுபடுகிறது என்று ஒரு தொண்டர் கேட்டார். எனக்குச் சரியாகச் சொல்ல வரவில்லை.

மூதூரிலிருந்து ஒரு வாசகி

அன்புள்ள தங்கச்சி,

பட்டியல் அனுப்ப மாட்டேன், கோபிக்க வேண்டாம். போன செயலமர்வுகளிலெல்லாம் ஒவ்வொன்று தந்தார்கள். என் அலுமாரியில் ஒரு கட்டுக் கிடக்கிறது. பந்தெறிந்து பெயர் சொல்வது, கண்ணைக் கட்டி நடப்பது, பழைய பேப்பரில் கோபுரம் கட்டுவது. பிள்ளைகள் சிரித்தார்கள், வீட்டுக்குப் போனார்கள். அவ்வளவுதான் நடந்தது.

முதலில் அந்தத் தொண்டரின் கேள்வி, அது நல்ல கேள்வி. கல்வி ஆய்வாளர்கள் பிலிப் கூம்ஸும் மன்சூர் அகமதும் 1974இல் கல்வியை மூன்றாகப் பிரித்தார்கள். நம் கரையில் வைத்துச் சொன்னால் இப்படி வரும்: பள்ளிக்கூடம் ஒன்று. அப்பாவோடு கரைவலைக்குப் போன பிள்ளை யாரும் சொல்லிக்கொடுக்காமலே கயிறு பிடிக்கவும் நீரோட்டம் பார்க்கவும் பழகிக்கொள்வது இன்னொன்று. உங்கள் வேலை இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது, அதைத்தான் முறைசாராக் கல்வி என்கிறோம். அதற்கு நோக்கம் உண்டு, திட்டம் உண்டு, நடத்துகிறவர் உண்டு. பரீட்சை இல்லை. வந்தே ஆகவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. பத்து நிமிடத்தில் எழுந்து போகிற பிள்ளை உங்களுக்கு மார்க் போட்டுவிட்டுப் போகிறது. இருபத்தெட்டு வருடம் வகுப்பில் நின்ற எனக்கு அந்த மார்க்கை யாரும் போட்டதில்லை. கதவு மூடியிருந்தது.

இனி, நான் செய்த பிழை ஒன்றைச் சொல்கிறேன். யுத்தம் முடிந்து ஓரிரண்டு வருடம் இருக்கும். திருகோணமலை டவுனில் ஒரு மண்டபத்தில் மூன்று சமூகத்துப் பிள்ளைகளும் சேர்ந்த முகாம். ஐரோப்பியப் பேரவை 2002இல் வெளியிட்ட மனித உரிமைக் கல்விக் கையேட்டில் ‘ஒரு அடி முன்னே’ என்ற பயிற்சி இருக்கிறது. ஒவ்வொருவருக்கும் ஒரு சீட்டுக் கொடுப்பார்கள். அதில் ஒரு கற்பனை ஆள் இருப்பார்: வங்கி மனேஜரின் மகள், வேலையில்லாத தாய் என்று. நடத்துகிறவர் ஒவ்வொரு வாக்கியமாக வாசிப்பார். தன் சீட்டில் உள்ள ஆளுக்கு அது பொருந்தினால் ஒரு அடி முன்னே வைக்க வேண்டும். கடைசியில் யார் எங்கே நிற்கிறார் என்று பார்ப்பார்கள். பிறகு அந்த வேடத்தைக் கழற்றிவிட்டு உட்கார்ந்து பேசுவார்கள்.

இரண்டு மொழியில் சீட்டு எழுத எனக்கு நேரம் இருக்கவில்லை. நீங்கள் நீங்களாகவே நில்லுங்கள் என்று சொல்லிவிட்டேன். “உங்கள் வீட்டில் எல்லோரும் ஒன்றாக இருந்து சாப்பிடுவதென்றால் ஒரு அடி வையுங்கள்.” இப்படிப் பன்னிரண்டு. ஒரு பையன் முதல் கோட்டிலேயே நின்றான். பன்னிரண்டும் வாசித்து முடிந்தது, அவன் செருப்பு அந்தக் கோட்டைத் தாண்டவில்லை. அந்த நேரம் பார்த்து பனிஸும் பிளேன்டீயும் வந்தது. எல்லோரும் கை தட்டுங்கள் என்றேன். தேநீருக்குப் பிறகு அவன் திரும்பி வரவில்லை.

அந்தச் சீட்டு எதற்கு என்று அன்றைக்குத்தான் விளங்கியது. பிள்ளை ஒளிந்துகொள்ள ஒரு மறைப்பு அது. சீட்டில் இருக்கிற ஆளுக்காக எவ்வளவு கோபமும் படலாம், அழவும் செய்யலாம், தன் வீட்டுக் கதவைத் திறந்து காட்டத் தேவையில்லை. சீட்டையும் கடைசிப் பேச்சையும் கழித்துவிட்டால் மிஞ்சுவது பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி அவமானப்படுத்துவது மட்டும்.

ஆகவே உங்கள் மூன்று நாளில் பெரும்பங்கை விளையாட்டு முடிந்த பிறகு வரும் பேச்சுக்குக் கொடுங்கள். விளையாட்டு பத்து நிமிடமென்றால் பேச்சு இருபது. கல்வி ஆய்வாளர் டேவிட் கோல்ப் 1984இல் எழுதியதும் கிட்டத்தட்ட இதுதான்: அனுபவம் தானாகப் பாடமாகிவிடாது, திரும்பிப் பார்த்து, அதிலிருந்து ஒன்றை எடுத்து, மறுபடி செய்து பார்க்க வேண்டும். இதற்குப் பெரிய வளவாளர் தேவையில்லை. என்ன நடந்தது? வெளியே இதேபோல் எங்கே நடக்கிறது? அடுத்த முறை என்ன செய்வோம்? மூன்று கேள்வி போதும். கஷ்டம் கேட்பதில் இல்லை, கேட்டபின் வாயை மூடிக்கொண்டு இருப்பதில் இருக்கிறது. ஆசிரியர்கள் இதில் மகா மோசம். கேள்வி கேட்ட மூன்றாவது நொடியில் நானே பதிலும் சொல்லிவிடுவேன். உங்கள் தொண்டர்களை ஜோடி ஜோடியாக இருத்தி, ஒருவர் கேட்டுவிட்டு மனதுக்குள் பத்து வரை எண்ணப் பழக்குங்கள். சிரிப்பு வரும், வரட்டும்.

போன் விஷயம். கூடை வேண்டாம். இந்தப் பிள்ளைகள் சின்னவர்களாக இருக்கும்போதே கொரோனா வந்தது, பள்ளிக்கூடம் வாட்ஸ்அப்புக்குள் போய்விட்டது. அப்போது போன்தான் உன் வகுப்பு என்று கையில் கொடுத்தோம். 2022இல் வாகனங்களுக்கு எண்ணெய் இல்லாமல் பள்ளிக்கூடம் மூடியபோதும் அதையே சொன்னோம். இப்போது போன்தான் எதிரி என்றால் பிள்ளை நம்மை ஒருமாதிரிப் பார்க்கத்தானே செய்யும்? நாலு பேருக்கு ஒரு போன் கொடுத்து இறங்குதுறைக்கு அனுப்புங்கள். 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்குமுன் டவுனுக்கு எப்படிப் போய் வந்தார்கள் என்று ஒரு வயதானவரிடம் கேட்டு ஒரு நிமிடம் படம் பிடித்து வரட்டும். லோஞ்ச் படகுக் கதை, அலைக்குப் பயந்த கதையெல்லாம் வரும். திரும்பி வந்ததும் ஒரு கேள்வி: அவர் பேசியதில் எதை வெட்டினீர்கள், ஏன்? அங்கேதான் பேச்சு தொடங்கும். முகம் தெரியும் எதையும் கேட்காமல் வெளியே போடக்கூடாது என்பதைப் போகுமுன்பே பேசிவிடுங்கள். டிக்டொக்கில் கணக்குத் திறக்கக் குறைந்த வயது 13 என்பதையும் தொண்டர்கள் தெரிந்திருக்க வேண்டும்.

வயதைப் பற்றி ஒரு சிறு குறிப்பு. நம் தேசிய இளைஞர் கொள்கை இளைஞர் என்று சொல்வது 15 முதல் 29 வயது வரை. உங்கள் பன்னிரண்டு வயதுக்காரி அந்தக் கணக்கில் இல்லை, வீட்டிலும் அவள் சின்னப்பிள்ளை இல்லை. இருபத்தைந்து வயதுக்காரருக்குச் செய்ததைச் சுருக்கி அவளுக்குக் கொடுப்பதால்தான் பாதி அலுப்பு.

மீதிப் பாதிக்குக் காரணம் நம் விழாக்கள். ரோஜர் ஹார்ட் 1992இல் யுனிசெஃபுக்கு எழுதிய சிறுநூலில் பிள்ளைகளின் பங்கேற்பை எட்டுப் படியுள்ள ஏணியாகக் காட்டுகிறார். கீழ் மூன்று படியும் பங்கேற்பில் சேராது. இரண்டாம் படியின் பெயர் அலங்காரம். பிரதம விருந்தினர் வரும்வரை வெயிலில் வெற்றிலைத் தட்டோடு நிற்கும் பிள்ளைகளை நினைத்துக்கொண்டேன். பனர் அடிக்கிற காசுக்குச் சோடா வாங்குங்கள் என்று சொன்னால் உங்கள் அலுவலகத்தில் ஏசுவார்கள். இருந்தாலும் சொல்லிப் பாருங்கள்.

இரண்டாம் நாள் உண்மையான பிள்ளைகள் ஒரு பத்துப் பேர் வரட்டும். ‘பிள்ளையாக நடிக்கும்’ தொண்டர்கள் வேண்டாம், அவர்கள் மரியாதைக்கு உட்கார்ந்திருப்பார்கள். உங்கள் ஆட்கள் அந்தப் பத்துப் பேர் முன்னால் தடுமாறட்டும். எங்கே அலுத்தது என்று பிள்ளைகளே சொல்லட்டும், குறுக்கே பேசி யாரும் நியாயம் சொல்லக்கூடாது. சேருவிலவிலிருந்து சிங்களப் பிள்ளைகளும் வருவதென்றால் மொழிபெயர்ப்புக்கு நேரத்தை இரட்டிப்பாக்குங்கள், விளையாட்டைப் பாதியாக்குங்கள். மூன்றாம் நாள் முழுவதும் அந்த இரண்டாம் நாளைப் பற்றியே பேசுங்கள்.

நான் ஒரு நாள் வந்து பின்வரிசையில் இருக்கிறேன். வெள்ளிக்கிழமை வேண்டாம், ஞாயிறு காலை அறநெறி வகுப்பும் டியூசனும் இருக்கும். பெண்பிள்ளைகள் மஃரிப் தொழுகைக்கு முன் வீட்டில் இருக்க வேண்டும். உங்கள் பக்கத்து ஊர்களுக்குப் போகும் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று எழுதுங்கள். நிகழ்ச்சி நிரலை அந்த நேரத்திலிருந்து பின்னோக்கிப் போடுவோம்.