பேரூராட்சி மனுவுக்கு "நடவடிக்கை எடுக்கப்படும்" என்று மட்டும் பதில் வருகிறதா?

மனுவில் "ஏன்" என்று கேட்காதீர்கள், ஆவணம் கேளுங்கள். "ஏன் குப்பை எடுப்பதில்லை, ஏன் தெருக்கோடிக்குத் தண்ணீர் வருவதில்லை" என்றால் உங்களுக்கு வந்த அதே ஒற்றை வரிதான் மறுபடியும் வரும்.

தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-ன் கீழ், பேரூராட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்கு 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி எழுதுங்கள். உங்கள் தெருவின் குடிநீர் விநியோக அட்டவணை, கடந்த மூன்று மாதம் குப்பை வண்டி ஓடிய பதிவேடு, இரண்டின் நகலும் வேண்டும் என்று கேளுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் மேல்முறையீடு செய்யலாம். தள்ளுவண்டியோடு வரும் தூய்மைப் பணியாளரிடம் மட்டும் சண்டைக்குப் போகாதீர்கள். வண்டி எத்தனை, ஆள் எத்தனை என்று முடிவு செய்வது அவர் இல்லை.

தெருக்கோடிக்குத் தண்ணீர் வராததற்குப் பல இடங்களில் காரணம், தெருவில் முன்னால் இருக்கும் வீடுகளில் குழாயிலேயே மோட்டார் போட்டு உறிஞ்சுவது. தண்ணீர் விடும் நேரத்தில் கரண்ட் போனால் உடனே குழாயடிக்குப் போய்ப் பாருங்கள். எங்கள் தெருவில் ஒரு குடம் நிறைய இருபது நிமிடம் ஆகும். கரண்ட் போன அன்று, மோட்டார்கள் நின்றதும், இரண்டே நிமிடத்தில் வழிந்தது.

மேல்நிலைத் தொட்டியிலிருந்து திறந்துவிடும் ஊருக்குத்தான் இந்தச் சோதனை செல்லும். பம்பிலிருந்து நேராக வந்தால் கரண்டோடு தண்ணீரும் நின்றுவிடும்.