கொடைக்கானல் குளிரில் சிறு கேமராவின் லென்ஸ் மங்குவது குறித்து

வணக்கம். மலைவிளிம்பு நடைபாதையான கோக்கர்ஸ் வாக்கில் காலையில் படம் எடுத்துவிட்டு அறைக்குத் திரும்பியதும் லென்ஸ் மங்கிவிட்டதாகவும், பாதி இருந்த பேட்டரி வெளியிலேயே திடீரென்று தீர்ந்துவிட்டதாகவும் எழுதியிருந்தீர்கள். இரண்டுக்கும் காரணம் குளிர்தான். கேமரா பழுதாகவில்லை என்றே கருதுகிறேன்.

சுமார் 2,100 மீட்டர் உயரத்தின் குளிரில் சில்லிட்டுப்போன கேமராவின்மேல் அறையின் வெதுவெதுப்பான ஈரக்காற்று பட்டவுடன், குளிர்ந்த தண்ணீர் நிறைத்த செம்பின் வெளிப்புறம் முத்துமுத்தாக வேர்ப்பதுபோலவே லென்சிலும் நீர் படிகிறது. ஆகவே உள்ளே நுழையுமுன்பே கேமராவை ஜிப் வைத்த பிளாஸ்டிக் பையில் இட்டு, காற்றை வெளியேற்றி மூடி, அறைக்குள் ஒரு மணி நேரமாவது திறக்காமல் வையுங்கள். ஈரம் இருக்கும்போது லென்சை நீட்டவோ சுருக்கவோ வேண்டாம். அதன் முன்னுள்ள மெல்லிய மூடித் தகடுகள் ஒட்டிக்கொள்ளக்கூடும். என் கேமராவில் ஒரு தகடு அப்படிப் பாதியில் நின்றுபோய், எடுத்த படங்களின் மூலையிலெல்லாம் கறுப்புப் பிறை விழுந்தது.

குளிரில் லித்தியம் அயான் பேட்டரியின் வேதிவினை மந்தமாகிவிடும் என்பதால், மாற்று பேட்டரி ஒன்றை ஸ்வெட்டருக்குள் சட்டைப்பையில் வைத்திருங்கள். அணைந்துபோன பேட்டரியும் உடற்சூட்டில் ஓரளவு மீளும். அந்த நடைபாதையின் தடுப்புக் கம்பியருகே மட்டும், மணிக்கட்டு வாரை மாட்டாமல் கேமராவை நீட்டிவிடாதீர்கள்.