பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலத்தில் உள்ள எங்கள் வயல் வழியாக எரிவாயுக் குழாய் பதிக்கப் போகிறார்களாம். தடுக்க முடியுமா?

நோட்டீஸ் கைக்கு வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்கிறேன். முதலில் தேதியைப் பாருங்கள். 1962ஆம் ஆண்டுக் குழாய்ப்பாதைச் சட்டப்படி ஆட்சேபம் எழுதிக் கொடுக்க 21 நாள்தான். எங்கள் அப்பாவுக்கு இது தெரியாது. சீர்காழிப் பக்கம் எங்களுக்கு ஒன்பது மா, அதாவது சுமார் மூன்று ஏக்கர் நிலம். அரசிதழில் வந்ததை யார் வந்து சொன்னார்கள்? வயலில் கல் நட்ட பிறகுதான் தெரிந்தது. அதற்குள் கெடு போய்விட்டது.

வேளாண் மண்டலச் சட்டத்தை மட்டும் நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். 2020இல் வந்த அந்தச் சட்டம் புதிதாக எண்ணெய், எரிவாயுக் கிணறு தோண்டுவதைத் தடுக்கிறது. ஏற்கெனவே நடந்துவந்த திட்டங்களைத் தொடாது. எங்கள் வயலைத் தோண்டியது 2019.

பட்டா உங்கள் பேரில்தான் இருக்கும், கிஸ்தியும் நீங்கள்தான் கட்ட வேண்டும். குழாய் பதித்துப் பராமரிக்கிற உபயோக உரிமையை மட்டும் எடுத்துக்கொண்டு, சந்தை மதிப்பில் 10 சதவீதம் தருவார்கள். அதன்பின் குழாய் போகிற பட்டையில் வீடு கட்டக்கூடாது, கிணறு வெட்டக்கூடாது, மரம் வைக்கக்கூடாது. வரப்போரம் வைக்க அப்பா வாங்கியிருந்த தென்னங்கன்றுகளைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டோம்.

பயிர் நஷ்டத்துக்குத் தனியாகக் கொடுத்தார்கள், இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் அது ஒரு போகத்துக்கு. பொக்லைன் தோண்டும்போது மேலே இருந்த வண்டலையும் அடியில் இருந்த களியையும் ஒன்றாகக் கொட்டி, அப்படியே தள்ளி மூடிவிட்டார்கள். நடவுக்கு முன் தண்ணீர் கட்டிச் சேடை ஓட்டினால் அந்த இடத்தில் மட்டும் டிராக்டர் உள்ளே இறங்கும். மூன்று சம்பாவிலும் அந்தப் பட்டைப் பயிர் மஞ்சளாகவே நின்றது. மாவுக்கு 12 மூட்டை கண்ட இடம், ஆறுகூடத் தேறவில்லை. அதனால் சொல்கிறேன், மேல்மண்ணைத் தனியாகக் குவித்துக் கடைசியில் மேலே பரப்பித் தருவோம் என்று எழுத்தில் வாங்குங்கள். தோண்டுவதற்கு முன்பே மடை, வடிகால் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து வையுங்கள்.

வளர்ச்சிக்கு எதிரி என்று யாரும் கிளம்பி வர வேண்டாம். எங்கள் வீட்டு அடுப்பும் கேஸில்தான் எரிகிறது. சாலை ஓரமாகக் கொண்டுபோனால் என்ன என்றுதான் கேட்கிறோம்.

அப்புறம், மிஞ்சிய நெல்லையாவது ஒழுங்காக வாங்கினார்களா? ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டிவிட்டது என்று கொள்முதல் நிலையத்தில் நான்கு நாள் காக்க வைத்தார்கள். இரண்டாம் ராத்திரி மழை. அப்பா விடியும்வரை தார்ப்பாயின் ஓரத்தைக் காலால் மிதித்துக்கொண்டே நின்றார்.