மதிலுக்குள் நாய்களைத் தனியே விட்டுப் போகலாமா?

கேள்வி: திருச்சி புறநகரில் தனி வீடு. ஐந்தடி மதில், கிரில் கேட். மூன்று வயது லேப்ரடாரும் ஒன்றரை வயது சிப்பிப்பாறையும் வளர்க்கிறோம். நானும் கணவரும் காலை எட்டரைக்குக் கிளம்பினால் திரும்ப மாலை ஆறாகிவிடும். அதுவரை இரண்டையும் தோட்டத்தில் அவிழ்த்துவிட்டுப் போகலாமா? வீட்டுக்குள் பூட்டி வைப்பது பாவம் என்கிறார் மாமியார்.

கால்நடை மருத்துவர் பதில்: நீங்கள் வீட்டில் இருக்கும்போது அரை மணி நேரம் தோட்டத்தில் விடுங்கள். ஒன்பதரை மணி நேரம் தனியே விட வேண்டாம். மாமியாரின் இரக்கம் புரிகிறது. ஆனால் திருச்சி வெயிலில் ஃபேன் ஓடும் அறையில் படுத்துக் கிடப்பதுதான் அவற்றுக்குச் சுகம்.

நாய்க்குப் பாதத்தில் மட்டுமே கொஞ்சம் வியர்க்கும். உடம்புச் சூட்டைப் பெரும்பாலும் நாக்கைத் தொங்கவிட்டு இரைத்தே அது தணித்துக்கொள்கிறது. காற்று அனலாகவோ புழுக்கமாகவோ இருந்தால் இரைத்தும் பயனில்லை. நாயின் இயல்பான வெப்பநிலை 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். 106-ஐத் தொட்டால் மூளை, சிறுநீரகம், குடல் எல்லாமே பாதிக்கப்படத் தொடங்கும். அடர்ந்த இரட்டை ரோமம் கொண்ட லேப்ரடார், அதிலும் எடை கூடியிருந்தால், சித்திரை வெயிலைத் தாங்காது. தகரக் கூரை போட்ட கூண்டை நிழல் என்று நம்பிவிடாதீர்கள், நண்பகலில் அது அடுப்பு.

ஓயாமல் இரைப்பது, எச்சில் கெட்டியாக வடிவது, ஈறு செக்கச் சிவந்திருப்பது, கால் தள்ளாடுவது எல்லாம் வெப்பத் தாக்குதலின் அறிகுறிகள். உடனே நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி, ஃபேனைப் போட்டு, பிறகு மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லுங்கள். மதிய வேளையில் மாடித் தொட்டித் தண்ணீர் கொதிக்கும், அதை ஊற்றாதீர்கள். சம்ப் தண்ணீர் எடுங்கள். ஈரச் சாக்கைப் போர்த்தி அப்படியே விடுவதும் தவறு. சூடு உள்ளேயே தங்கிவிடும்.

அடுத்தது மதில். சிப்பிப்பாறை முயல் விரட்டப் பழக்கிய இனம். மதில்மேல் பூனை நடந்தாலோ தெருவில் வெடி வெடித்தாலோ ஐந்தடி அதற்கு ஒரே தாவல். லேப்ரடார் தாவாது, ஆனால் அதன் வாய் சும்மா இருக்காது. அழகுக்கு வைத்த அரளியின் இலை, பூ, தண்டு எல்லாமே இதயத்தைத் தாக்கும் நஞ்சு. எலி மருந்தில் ஒரு வகை ரத்தம் உறைவதைத் தடுப்பது. தின்ற அன்று நாய் துள்ளி விளையாடும். சில நாள் கழித்துச் சோர்ந்து விழும்போது யாருக்கும் காரணம் புரியாது. அரளியையும் எலி மருந்தையும் தோட்டத்திலிருந்து அகற்றிவிடுங்கள்.

பலரும் கவனிக்காதது கேட்தான். தெருநாய் அந்தப் பக்கம் வந்து நிற்கும், உங்கள் நாய்கள் கம்பிக்கு வெளியே மூக்கை நீட்டிக் குரைக்கும். அந்த ஒரு நொடியில் கடிபட்டால் சாயங்காலம் வருகிற உங்களுக்குத் தெரியவே தெரியாது. வெறிநாய்க்கடி நோய் அறிகுறி காட்டிவிட்டால் காப்பாற்ற வழியில்லை, அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். ஆண்டுதோறும் தடுப்பூசியைத் தவறவிடாதீர்கள். கேட்டின் கீழ்ப்பாதியைத் தகடு வைத்து அடைத்துவிடுங்கள். தகடு இன்னொன்றுக்கும் உதவும்: வெளியே உள்ளதைக் கடிக்க முடியாத ஆத்திரத்தில் இரண்டும் ஒன்றையொன்று கடித்துக்கொள்வது குறையும். இதே காரணத்துக்காக எலும்பையோ சாப்பாட்டுத் தட்டையோ வைத்துவிட்டுப் போகாதீர்கள்.

'பகலில் வேண்டாம் என்றால் ராத்திரி காவலுக்கு விடலாமே' என்று தோன்றும். பக்கத்தில் காலிமனையோ புதரோ இருந்தால் அதற்கும் நான் சம்மதிக்க மாட்டேன். கட்டுவிரியனும் கண்ணாடி விரியனும் பெரும்பாலும் இரவில்தான் நடமாடும். நாய் விலகிப் போகாது, எதிரே நின்று குரைக்கும். அதனால் கடி முகத்திலோ முன்னங்காலிலோ விழும். கடித்த இடத்தைக் கட்டவோ கீறவோ வேண்டாம். நடக்க விடாமல் தூக்கிக்கொண்டு, விஷமுறிவு மருந்து இருக்கும் இடத்துக்கு நேராகப் போங்கள். அந்த மருந்து எங்கே கிடைக்கும் என்பதை இன்றே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

உங்களுக்கு நான் சொல்லும் ஏற்பாடு இது. காலை ஆறு மணிக்கு இரண்டையும் நன்றாக நடத்தி, முடிந்தால் சிப்பிப்பாறையைக் கொஞ்சம் ஓடவிட்டுக் கூட்டி வாருங்கள். களைத்த நாய் பகலில் தூங்கும். பிறகு ஜன்னல் திறந்த, ஃபேன் ஓடும் அறையில், சாய்க்க முடியாத கனமான தொட்டியில் தண்ணீர் வையுங்கள். மின்சாரம் போனாலும் ஃபேன் ஓடுமாறு இன்வெர்ட்டர் இணைப்பு இருக்கட்டும். முதல் சில நாட்கள் இரண்டையும் தனித்தனி அறையில் விட்டுப் பாருங்கள். மதியம் ஒருமுறை மாமியாரோ நம்பிக்கையான அக்கம்பக்கத்தாரோ வந்து கால் மணி நேரம் வெளியே விட்டு, கூடவே நின்று, திரும்ப உள்ளே விடட்டும். சாயங்காலம் நீங்கள் வந்ததும் தோட்டம் அவற்றுக்குத்தான். விளையாடி முடிந்ததும் காது மடல், விரல் இடுக்கு, கழுத்துப்பட்டைக்கு அடியில் உண்ணி இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள்.